மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு நிதி: தொகையை உயர்த்துவது முதலிலா, உதவிக்கு ஆள் தருவது முதலிலா?

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகையை ஆந்திர மாநிலத்தில் வழங்குவதைப் போல 6,000 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. அந்தக் கோரிக்கையோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அரசு இந்தத் துறைக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்க முன்வரும் நாளில் அது முதலில் எதற்குப் போக வேண்டும் என்பதைப் பற்றி நம்மிடம் தெளிவு இருக்கிறதா என்ற கேள்வி சில மாதங்களாக என்னை உறுத்துகிறது.

என் மகனுக்கு 22 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு வராது, ஆனால் நாம் பேசுவதெல்லாம் புரியும். உட்கார்வதற்கும் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவனுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, அதற்கு நன்றியுடையவனாகவே இருக்கிறேன். 46 கிலோ எடையுள்ள அவனைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் என் மனைவிதான். போன மாதம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்கு நாளும் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்தேன். உதவிக்கு ஓர் ஆளைத் தேடி அலைந்தேன். ஒருவர் நாளுக்கு 800 ரூபாய் கேட்டார். கொடுக்கச் சம்மதித்தபோது, வளர்ந்த ஆண்பிள்ளை என்று தெரிந்ததும் வர மறுத்துவிட்டார். அந்த நான்கு நாளில் என் கையில் 6,000 ரூபாய் இருந்திருந்தாலும் ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

இன்னொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். எட்டாவது மாதத்தில் முன்பக்கச் சின்னச் சக்கரத்தின் பேரிங் உடைந்தது. அலுவலகத்தில் கேட்டபோது, பழுது பார்க்கத் தனியாக நிதி இல்லை என்றும், உரிய காலம் முடிந்த பிறகு புதிய நாற்காலிக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். கடைசியில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் சைக்கிள் பேரிங் ஒன்றைப் போட்டு, இடைவெளிக்குப் பழைய டியூபை வட்டமாக வெட்டிச் சொருகி ஓடவைத்தார். செலவு 180 ரூபாய். பல ஆயிரம் ரூபாய் நாற்காலிக்கு ஒதுக்கீடு இருக்கிறது, அதை ஓடவைக்கும் 180 ரூபாய்க்கு இல்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். நிதி ஒதுக்கீட்டில் மனிதர் தரும் உதவிக்கு இடம் எங்கே இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

கருவூலத்தார்

ஏரிக்கரையான் ஐயா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மத்திய அரசு. மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 1,225.27 கோடி ரூபாய். அந்த ஆண்டின் மொத்தச் செலவு மதிப்பீடு 48 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நூறு ரூபாயில் இரண்டரைப் பைசா என்று கணக்கு வருகிறது. அந்தத் துறைக்கு வெளியே, ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வரும் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவராகவும் 80 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உள்ளவராகவும் இருந்தால் மத்திய அரசின் பங்காக மாதம் 300 ரூபாய் கிடைக்கும். அந்த 300 ரூபாய் 2012-இல் நிர்ணயிக்கப்பட்டது, இன்றுவரை அசையவில்லை. 2012-இல் 300 ரூபாய்க்கு என்னென்ன வாங்கினோம் என்று குடும்பத் தலைவிகளைக் கேட்டால் அதன் பொருள் விளங்கும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனியுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 24-இல், மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டத்தின் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்க வேண்டும் என்று சொல்கிறது. மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ள முதியோருக்குத் தருவது 200 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் 300 ரூபாய் 50 விழுக்காடு கூடுதல், ஆகவே சட்டம் நிறைவேறிவிட்டது என்று கோப்பில் எழுதிவிட முடியும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். வருவாய்த்துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படுவது 1,500 ரூபாய். 1,200-க்கு 25 விழுக்காட்டைக் கூட்டிப் பாருங்கள், 1,500-இல் வந்து நிற்கும். சட்டம் வைத்த தரைமட்டத்திலேயே நாம் சரியாக நிற்கிறோம். அடிப்படைத் தொகையே போதாமல் இருக்கும்போது அதன்மேல் வைக்கும் விழுக்காடு யாரையும் காப்பாற்றாது.

மாநிலத்தில் இரண்டு வாய்க்கால்கள் உள்ளன. வருவாய்த்துறையின் தனி வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும் அந்த 1,500 ரூபாய் ஓய்வூதியம் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக, அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத்தண்டு காயம் போன்றவற்றுக்கு வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மற்றொன்று. இவை நீங்கலாக உதவி உபகரணங்கள், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், கல்வி உதவித்தொகை, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களுக்கும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுக்கும் மானியம் என்று செலவுத் தலைப்புகள் உண்டு. நீங்கள் தேடும் தலைப்பு, அதாவது வீட்டுக்கு வந்து இத்தனை மணிநேரம் உதவும் ஒருவருக்கு அரசு சம்பளம் தருவது, நான் பணியாற்றிய காலத்தில் என் கையில் வந்த எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை.

---

மலைக்கோட்டைவாசி

ஐயா, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் கருத்து வேறு. எனக்கு முதுகுத்தண்டு காயம். பதினோரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. என்னைப் பொறுத்தவரை பணத்தைக் கையில் தருவதுதான் முதலில் நடக்க வேண்டும்.

என் மாதச் செலவைச் சொல்கிறேன். வெளியே போகும் நாட்களில் டயப்பர் இல்லாமல் முடியாது. ஒன்று 40 ரூபாய் என்று வைத்து நாளுக்கு மூன்று என்றால் மாதம் 3,600 ரூபாய், அதனாலேயே நான் வெளியே போகும் நாட்களைக் குறைத்துக்கொண்டேன். கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்), கையுறை, சிறுநீர்ப் பை, படுக்கைப்புண்ணுக்கு மருந்தும் பஞ்சும் தனி. ஒரு முறை புண் ஆழமாகிவிட்டால் இரண்டு மாதம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், வருமானமும் நின்றுவிடும். 2,000 ரூபாயில் இவற்றில் எதை வாங்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு மாதமும் நான் முடிவெடுக்கிறேன்.

சேவையாகத் தருகிறோம் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். யாருக்கு ஆள் அனுப்புவது, எத்தனை மணிக்கு அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் ஓர் அலுவலகமோ, ஒப்பந்தம் எடுத்த ஒரு நிறுவனமோ முடிவு செய்யும். காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குப் புறப்பட வேண்டியிருக்க, உதவியாளர் பத்து மணிக்கு வந்தால் அந்த உதவியால் எனக்குப் பயன் இல்லை. பணம் என் கையில் இருந்தால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பேசி, எனக்கு ஏற்ற நேரத்தில், என் உடம்பைத் தொட நான் அனுமதிக்கும் ஒருவரை நானே அமர்த்திக்கொள்வேன். எங்களுக்கு வேண்டியதை எங்களுக்காக வேறொருவர் தீர்மானித்த காலம் போதும்.

ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாய் தருகிறார்கள். முற்றிலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000 ரூபாய். தெலங்கானாவில் 2023-இலேயே 4,016 ரூபாயாக உயர்த்தினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

---

வரவுசெலவு

நண்பர்கள் எழுதியதை மதிப்போடு படித்தேன். நிதியின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன், யாருடைய தேவையையும் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல.

2022 டிசம்பர் 3 அன்று வருவாய்த்துறை ஓய்வூதியத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தபோது பயனாளிகளின் எண்ணிக்கை 4,39,315 என்றும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 263.58 கோடி ரூபாய் என்றும் சொல்லப்பட்டது. அதே எண்ணிக்கையை வைத்து 1,500-ஐ 6,000 ஆக்கினால் கூடுதலாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,372 கோடி ரூபாய் ஆகும். பராமரிப்பு உதவித்தொகை பெறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இதில் சேர்க்கவில்லை. மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மொத்த ஒதுக்கீடே ஆயிரத்து நானூறு கோடி ரூபாயை ஒட்டித்தான் இருந்து வருகிறது. துறையை இரண்டரை மடங்குக்கு மேல் பெரிதாக்குவது என்பது ஒரே ஆண்டில் நடக்கக்கூடியதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆந்திரத்தை எடுத்துக்காட்டுபவர்கள் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொகை உயர்ந்த பிறகு அங்கே 2025-இல் சான்றிதழ்களை மறுமதிப்பீடு செய்யத் தொடங்கினார்கள். தகுதியில்லை என்று ஏராளமானோருக்கு நோட்டீஸ் போனது, உண்மையான பாதிப்பு உள்ளவர்களும் மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்க நேர்ந்தது. தொகை பெரிதானால் சல்லடையின் கண்ணும் சிறிதாகும். ஆகவே அனைவருக்கும் ஒரே தொகையை உயர்த்துவதைவிட, அதிக உதவி தேவைப்படுபவர்களை முதலில் கண்டறிந்து அவர்களுக்குக் கூடுதலாகத் தருவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

சிறப்பாசிரியை

நான் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் சிறப்பாசிரியை. பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்கிறேன். ஏரிக்கரையான் அண்ணன் எழுதியதில் வயது 22 என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஆறு முதல் பதினெட்டு வரை இலவசக் கல்விக்கு 2016 சட்டத்தின் பிரிவு 31 உறுதி தருகிறது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் என்னைப் போன்றவர்களும் இயன்முறை மருத்துவர்களும் குழந்தையைத் தொடர்கிறோம். பதினெட்டு முடிந்த மறுநாள் எங்கள் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். நான் ஆறு ஆண்டுகளாக வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்த ஒரு பெண் குழந்தை, கரண்டியைத் தானே பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும் அளவுக்குத் தேறியிருந்தாள். கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டி, அவள் விரல்களுக்கு ஏற்பத் தடிமனாக்கித் தந்திருந்தோம். பதினெட்டு வயதானதும் நான் போவது நின்றது. ஒன்றரை ஆண்டு கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது உள்ளே சென்று பார்த்தேன். விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. அம்மா மீண்டும் ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கரண்டி சமையலறை அலமாரியில் அப்படியே இருந்தது.

ஆறு ஆண்டுகள் அரசு செலவிட்ட பணம் அந்த ஒன்றரை ஆண்டில் வீணாகிவிட்டது. சேவை தொடர்ச்சியாக இல்லாவிட்டால் முன்பு செய்த செலவும் நிலைக்காது என்பதைப் பண ஒதுக்கீடு செய்பவர்கள் உணர வேண்டும்.

நிதி எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தி வைத்தது. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம் தொடர்பான இரு அரசுகளின் பிணக்கில் யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த நிதியை நம்பித்தான் எங்கள் ஊதியமும் இந்தக் குழந்தைகளின் பயிற்சியும் இருக்கின்றன. ஊதியம் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் தனியார் மையங்களுக்குப் போய்விடுகிறார்கள், புதிதாக வருபவரிடம் குழந்தை மறுபடியும் பழக வேண்டியிருக்கிறது.

---

ஒலிநூல்

பார்வை மாற்றுத்திறனாளியான நான் வங்கியில் வேலை செய்கிறேன். இந்த இழையில் வீட்டுக்குள் நடக்கும் உதவியைப் பற்றியே பேச்சு இருக்கிறது, அது நியாயமானதே. ஆனால் வீட்டுக்கு வெளியே அரசு செய்யும் செலவு சரியாக இருந்தால் எங்களில் பலருக்கு உதவித் தேவையே குறையும்.

சென்னையில் 2024 ஆகஸ்ட்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின, அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. மெரினாவில் 2022 நவம்பரில் 1.14 கோடி ரூபாயில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டு, பிறவியிலிருந்து கடலலையைத் தொட்டறியாதவர்கள் முதன்முதலாகக் கரைக்குப் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து பிறகு சீரமைக்கப்பட்டது. அமைப்பதற்குச் செலவிடும்போதே பராமரிப்புக்கும் எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு ஏரிக்கரையான் அவர்களின் 180 ரூபாயும் இந்த மரப்பாதையும் ஒரே சான்றுதான். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டடங்களையும் போக்குவரத்தையும் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இனி பொதுப்பணித்துறையும் போக்குவரத்துத்துறையும் செய்யும் செலவுக்குள்ளும் எங்கள் பங்கு இருக்கிறது. எங்கள் துறைக்கு ஒதுக்கிய தொகையை மட்டும் பார்ப்பது போதாது.

வரிச்சலுகையைப் பற்றியும் ஒரு சொல். வருமான வரிச் சட்டத்தில் எனக்கு 75,000 ரூபாயும், கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. அதுவும் பழைய வரிமுறையில்தான். எனக்கு அது உதவுகிறது. ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் உதவி அது, ஏரிக்கரையான் அவர்களின் வீட்டு வாசலை அது எட்டாது.

---

மலைக்கோட்டைவாசி

வரவுசெலவு ஐயா, 2,372 கோடி பெரிய தொகைதான். ஆனால் 2025-26-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும்.

---

சிறப்பாசிரியை

தம்பி, ஒரு வேண்டுகோள். அந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிடுங்கள். நான் போகும் வீடுகளில் குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் தாய்மார்களுக்குத் தங்கள் பெயரில் வரும் ஒரே வருமானம் அந்த ஆயிரம் ரூபாய்தான். அவர்களுக்குத் தருவதைக் காட்டி இவர்களுக்குக் கேட்டால், நாளை இவர்களுக்குத் தருவதற்காக அவர்களுக்குக் குறைக்கலாம் என்று யாரேனும் சொல்லிவிடுவார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரை எதிரெதிராக நிறுத்தியதாகிவிடும்.

---

மலைக்கோட்டைவாசி

அக்கா, நீங்கள் சொல்வது சரி. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். என் அம்மாவும் அந்தத் தொகையில்தான் எனக்கு மருந்து வாங்குகிறார்.

---

கருவூலத்தார்

விவாதம் நல்ல திசையில் போகிறது. அதிக உதவி தேவைப்படுபவர்களைக் கண்டறிய வேண்டும் என்று வரவுசெலவு அவர்கள் எழுதினார். அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2016 சட்டத்தின் பிரிவு 38-இன்படி, தனக்கு அதிக உதவி தேவை என்று கருதும் ஒருவரோ அவர் சார்பாக மற்றொருவரோ உரிய அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் ஆராய்ந்து, எத்தகைய உதவி எவ்வளவு தேவை என்று அறிக்கை தர வேண்டும். பிரிவு 24 பராமரிப்பவருக்கான படியைப் பற்றியும் பேசுகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் கதவைச் சிறிது சாத்தியும் வைத்திருக்கிறார்கள். பிரிவு 24, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்று தொடங்குகிறது. பிரிவு 38, அரசு வகுத்துள்ள திட்டங்களுக்கும் ஆணைகளுக்கும் உட்பட்டே உதவி தரப்படும் என்று முடிகிறது. திட்டம் என்று ஒன்று இல்லாவிட்டால் வாரியத்தின் அறிக்கை கையில் இருந்தும் அதை வைத்துக்கொண்டு எதையும் பெற முடியாது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் பராமரிப்பவர்களுக்கென்றே மாத உதவித்தொகை தரும் திட்டத்தை 2010 வாக்கிலேயே கொண்டு வந்தார்கள். தொகை சிறியது, மாதக்கணக்கில் நிலுவையும் விழுகிறது. ஆனாலும் பராமரிப்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அரசுக் கணக்கு ஒப்புக்கொண்டது என்ற வகையில் அது முக்கியமானது.

நம் மாநிலத்தில் உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனோடு, 2022-இல் ஒப்புதல் பெற்ற, 'உரிமைகள்' என்ற பெயரிலான மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டம் நடக்கிறது. சோழிங்கநல்லூரில் தொடங்கி விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள் என்ற பழைய எண்ணை வைத்தே இத்தனை காலம் திட்டமிட்டு வந்தோம், அதுவும் ஏழு வகைப் பாதிப்புகள் 21 வகைகளாக விரிவதற்கு முன் எடுத்தது. ஆகவே புதிய கணக்கெடுப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். என் கவலை வேறு. கடன் திட்டத்துக்கு முடிவு நாள் உண்டு. அந்த மையங்களில் அமர்த்தப்படும் இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் களப்பணியாளரும் அந்த நாளுக்குப் பிறகு எந்தத் தலைப்பில் சம்பளம் பெறுவார்கள்? கட்டடமும் கருவியும் நிற்கும். ஆட்களுக்கான தொடர்செலவை மாநிலத்தின் சொந்த ஒதுக்கீட்டுக்குள் இப்போதே கொண்டு வராவிட்டால், அந்தப் பெண் குழந்தையின் கரண்டிக்கு நேர்ந்தது மாநில அளவில் நடக்கும்.

---

வரவுசெலவு

கருவூலத்தார் ஐயா எழுப்பிய கேள்வியை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தொடர்செலவைத் தவிர்ப்பதற்காகவே நிதித்துறைகள் கருவியும் கட்டடமும் வாங்க விரும்புகின்றன என்பது உண்மை. ஸ்கூட்டர் ஒருமுறைச் செலவு. ஊழியர் என்றால் ஆண்டுதோறும் ஊதியம், அதன் உயர்வு, விடுப்பு எல்லாம் சேர்ந்து வரும். நிதித்துறையின் அந்தத் தயக்கத்தை நான் சிக்கனம் என்று இதுவரை கருதி வந்தேன். பதினெட்டு வயதில் நிற்கும் பயிற்சியைப் பற்றிப் படித்த பிறகு அது சிக்கனம்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு யோசனை. இத்தனை பேருக்கு இவ்வளவு தொகை என்று கேட்டால் நிதித்துறை தலைகளை எண்ணும். தேவைப்படும் மணிநேரத்தைக் கணக்காகக் காட்டினால் அதற்கு விலை வைத்தே ஆக வேண்டும். ஏரிக்கரையான் அவர்கள் ஒரு வாரம் தம் வீட்டில் நடக்கும் பராமரிப்பை மணிக்கணக்கில் எழுதிப் பார்க்க முடியுமா?

---

மலைக்கோட்டைவாசி

இதை நானும் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மணிநேரம் மதிப்பிடப்பட்ட பிறகு அதைப் பணமாக வாங்கிக்கொள்வதா, பயிற்சி பெற்ற உதவியாளராகப் பெறுவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாற்றுத்திறனாளியிடம் இருக்க வேண்டும். எனக்குப் பணம் வேண்டும். ஏரிக்கரையான் ஐயாவுக்கு ஆள் வேண்டும், ஏனென்றால் அவர் ஊரில் பணம் கொடுத்தும் ஆள் கிடைக்கவில்லை. உதவித்தொகையை உயர்த்தும் கோரிக்கையை நான் விட்டுவிடவில்லை. அது சாப்பாட்டுக்கும் டயப்பருக்கும். பராமரிப்பு மணிநேரம் அதற்கு மேல் தனியாக வர வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கக் கூடாது.

---

ஏரிக்கரையான்

பத்து நாட்கள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரவுசெலவு ஐயா கேட்டபடி மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஏழு நாட்களும் எழுதினேன். என் மனைவி முதலில், இதையெல்லாம் எழுதுவார்களா என்று கேட்டாள். மூன்றாம் நாளிலிருந்து நான் கடையில் இருக்கும் நேரத்தை அவளே எழுதி வைத்தாள்.

ஒரு நாளைக்கு ஆனது இது. காலையில் எழுப்பி, சுத்தம் செய்து, குளிப்பாட்டி, உடை மாற்ற ஒன்றே முக்கால் மணிநேரம். காலை உணவு ஊட்ட 40 நிமிடம், மதியம் 45, மாலையில் கஞ்சியோ பாலோ கொடுக்க 30, இரவு 45. புரை ஏறாமல் இருக்கக் குழைவாகப் பிசைந்து சிறு கவளமாகத் தர வேண்டும் என்பதால் அவசரப்படுத்த முடியாது. கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி 40 நிமிடம். பகலில் மூன்று முறை சுத்தம் செய்ய ஒரு மணிநேரம். இரவில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க 45 நிமிடம். கூட்டினால் 6 மணி 50 நிமிடம். வாரத்துக்கு 47 மணி 50 நிமிடம். அந்த வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய்வர ஆறு மணிநேரம். ஆக 53 மணி 50 நிமிடம். பக்கத்தில் ஒருவர் சும்மா இருக்க வேண்டிய நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

எட்டு மணிநேரத்தை ஒரு நாள் வேலை என்று வைத்தால் இது ஏழு நாள் வேலைக்குச் சற்றே குறைவு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் போட்டாலே வாரத்துக்கு 2,261 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்கு வரும் உதவித்தொகை 2,000. இந்தக் கணக்கைப் படித்துக் காட்டியபோது என் மனைவி எதுவும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, இரவில் புரட்டுவது மூன்று முறை அல்ல, நான்கு முறை என்று திருத்தினாள். நான் தூங்கியிருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். பிரிவு 38-இன்படி மகனுக்கு மதிப்பீடு செய்யுமாறும், தேவைப்படும் உதவியை மணிநேரத்தில் குறிப்பிடுமாறும் கேட்கிறேன். வழங்கப்பட்ட உபகரணங்களைப் பழுது பார்ப்பதற்கு மாவட்ட அளவில் நிதி வேண்டும் என்பதும் இரண்டாவது கோரிக்கையாக இருக்கும். மலைக்கோட்டைவாசி தம்பி சொன்ன தேர்வுரிமையையும் எழுதுகிறேன். கருவூலத்தார் ஐயா, எந்தெந்த ஆவணங்களை இணைக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கருவூலத்தார்

தனித்துவ அடையாள அட்டை, மருத்துவச் சான்று, உதவித்தொகை வரும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். உங்கள் மனைவியின் இடுப்புவலிக்கு மருத்துவர் எழுதிய சீட்டு இருந்தால் அதையும் வையுங்கள், பராமரிப்பவரின் உடல்நிலையும் தேவைக்குச் சான்றுதான். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரிசையை விட்டு நகர வேண்டாம். நோட்டில் எழுதிய ஏழு நாள் கணக்கையும் அப்படியே நகல் எடுங்கள், தட்டச்சு செய்ய வேண்டாம். உங்கள் மனைவி மூன்றை அடித்து நான்கு என்று திருத்திய பக்கம் அதிகாரியின் பார்வைக்குப் போகட்டும். சைக்கிள் கடைக்காரரிடம் அந்த 180 ரூபாய்க்கு ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.